பிறப்புக்கு ஷரத்து இல்லை

விதியை மதிக்கிறவர்கள் இருக்கிறார்கள், விதியை மீறுகிறவர்கள் இருக்கிறார்கள். இந்த இரண்டு கூட்டமும் நமக்குப் பழக்கம்தான். நாமே காலையில் ஒன்றிலும் மாலையில் இன்னொன்றிலும் இருப்போம். மூன்றாவதாக ஓர் இனம் உண்டு. விதியை எழுதுகிறவர்கள். இவர்களுக்குச் சும்மா இருந்தால் கை அரிக்கும். நாலு பேர் சேர்ந்து நிம்மதியாக ஒரு காரியம் செய்வதைப் பார்த்தால் பொறுக்காது. 'இதுக்கு ஒரு வரைமுறை வேண்டாமா?' என்று ஆரம்பிப்பார்கள். அத்தோடு அந்த நிம்மதி முடிந்தது.

அந்த இனத்தில் நன்றாகப் பழுத்த ஒருவரைத்தான் இப்போது உங்களுக்குக் காட்டப்போகிறேன். சட்டக் கல்லூரியில் வணிகச் சின்னப் பாடம் நடத்துகிறார். ஒருத்தன் சோப்புக்கு வைத்த பெயரை இன்னொருத்தன் ஓர் எழுத்தை மட்டும் மாற்றித் தன் சோப்புக்கு வைத்தால் சட்டம் என்ன சொல்லும், பிஸ்கட் பொட்டலத்தின் சிவப்பு யாருக்குச் சொந்தம், வாங்க வருகிறவர் குழம்புவாரா மாட்டாரா என்பதெல்லாம்தான் பாடம். கேட்கவே ருசியாக இருக்கிறதல்லவா? ஆனால் அந்த ருசி நாக்கில் படுவதற்கு முன்னால் மாணவர்கள் ஒரு கசாயத்தை முழுங்கியாக வேண்டும். அதன் பெயர் 'பாடத் தேவைகளும் கொள்கைகளும்'.

முதல் நாள் வகுப்பில் அதை அவரே வாசிப்பார். கண்ணாடியைத் துடைத்து, தொண்டையைச் செருமி, கல்யாணப் பத்திரிகை வாசிக்கிற குரலில் ஆரம்பித்து, தீர்ப்பு வாசிக்கிற குரலில் முடிப்பார். ஒவ்வொரு ஷரத்துக்கும் பிறகு நிறுத்தி, 'புரிஞ்சுதா?' என்பார். புரியவில்லை என்று யாராவது சொன்னால் முதலிலிருந்து வாசிப்பார் என்பது பழைய மாணவர்கள் வழியாக ஊர் முழுக்கத் தெரியும். எனவே எல்லோருக்கும் புரிந்துவிடும். இதனால் அவருக்கு ஷரத்து சார் என்று பெயர் வந்தது. அது அவர் காதுக்கும் எட்டியிருக்கிறது. கோபித்துக்கொண்டார் என்றா நினைக்கிறீர்கள்? அன்றைக்குக் காபியை இரண்டாவது தரம் கேட்டு வாங்கிக் குடித்தார் என்று கேள்வி.

அந்த ஷரத்துகள் வானத்திலிருந்து விழவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பிறவிக் கதை இருக்கிறது. ஆதியில் 'வகுப்பில் சாப்பிடக் கூடாது' என்று மட்டும்தான் இருந்தது. ஒரு பையன் மிட்டாயைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, 'நான் சாப்பிடலையே சார், சும்மா வாயில வெச்சிருக்கேன்' என்றான். அவன் வக்கீலாகி எங்கேயோ நன்றாக இருக்கிறான். அவன் புண்ணியத்தில் இன்றைக்கும் அந்த ஷரத்து 'சாப்பிடுதல், மெல்லுதல், சப்புதல், உறிஞ்சுதல், கன்னத்தில் ஒதுக்கிவைத்தல்' என்று நீள்கிறது. இன்னொருத்தி கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவாள். 'விழி திறந்திருப்பது மட்டுமே வருகை ஆகாது' என்பது அவள் நினைவுச்சின்னம்.

மெயில் அனுப்புவதற்குத் தனி அத்தியாயம். கேள்விக்கான விடை ஷரத்துகளில் இருந்தால், பதிலாக ஷரத்தின் எண் மட்டுமே வரும். 'சார், நாளைக்கு வகுப்பு உண்டா?' என்று ஒருவன் கேட்டான். 'ஒன்பது இ' என்று பதில் வந்தது. ஒன்பது இ-யைத் திறந்தால், 'நான்கைப் பார்க்க' என்றது. நான்கைப் பார்த்தால், 'அவ்வப்போது அறிவிக்கப்படும்' என்றது. அவன் காலையில் கிளம்பி வந்து கதவைத் தள்ளிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். வகுப்பு இல்லை.

இப்படிப்பட்டவரை வீட்டில் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கேட்கிறீர்களா? சமாளிப்பது அவர் மனைவி. கல்லூரிக்குப் பின்தெருவில் மருந்துக் கடை வைத்திருக்கிறார். 'சாப்பாடு மேஜைல இருக்குங்க. நிபந்தனை எதுவும் இல்ல, போட்டுச் சாப்பிடலாம்' என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போகிற ரகம்.

எல்லாம் சீராகப் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் முன்வரிசைப் பெண்ணுக்கு அக்கா மூலமாகச் சோதனை வந்தது.

முன்வரிசைப் பெண் என்றால் முன்வரிசையில் உட்காருகிற பெண், அவ்வளவுதான். அதிகம் பேசமாட்டாள். படிப்பு முடிந்ததும் ஒரு வக்கீல் அலுவலகத்தில் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். அவள் அக்காவுக்குப் பிரசவ வலி எடுத்த நேரத்தில் அக்கா புருஷன் நடுக்கடலில் சரக்குக் கப்பலில் இருந்தார். பெற்றவர்கள் இல்லை. இவள் ஷரத்துகளைப் புரட்டினாள். ஆறாவது ஷரத்து, தலைப்பு 'வருகைக் கொள்கை': குடும்பத் தேவை எனில் முன்கூட்டியே மெயில் அனுப்பிவிட்டு விடுப்பு எடுக்கலாம். அனுப்பினாள். போனாள். பிரசவம் சிக்கலாகி, அறுவை நடந்து, தாயும் பிள்ளையும் தேறி வீடு வந்த பிறகு கல்லூரிக்கு வந்தால், வருகை போதாமல் பரீட்சை எழுத முடியாதவர்கள் பட்டியலில் அவள் பெயர் தொங்கியது. ஒரே பெயர். பரீட்சை இல்லையென்றால் வருடம் போச்சு, வேலையும் போச்சு.

நேரே அவர் அறைக்குப் போனாள்.

"சார், நான் மெயில் போட்டேனே சார். ஆறாம் ஷரத்துப்படி."

"ஆறு கொள்கைம்மா. நீங்க பார்க்க வேண்டியது பதினேழு. 'வருகை நெறி'."

"ரெண்டும் ஒண்ணுதானே சார்?"

இரட்டைப் பிள்ளைகளைப் பெற்றவரிடம் போய், 'ஒண்ணு போதுமே' என்று சொன்னதைப் போல அவர் முகம் ஆகிவிட்டது.

"அது எப்படி ஒண்ணாகும்? கொள்கைங்கறது கொள்கை. நெறிங்கறது நெறி. கொள்கை பொதுவா சொல்லும். நெறி கறாரா சொல்லும். மோதினா நெறிதான் நிக்கும்."

"பதினேழுல என்ன சார் இருக்கு?"

"தனக்கு உடம்பு சரியில்லைன்னா லீவு. நெருங்கின சொந்தம் தவறிட்டா லீவு. சான்றிதழோட."

"எங்க அக்காவுக்குக் குழந்தை பிறந்துது சார். மாமா கப்பல்ல இருக்காரு. ஆஸ்பத்திரில கையெழுத்துப் போட என்னை விட்டா ஆள் இல்ல."

"ரொம்ப சந்தோஷம்மா. ஆனா பிறப்புக்கு ஷரத்து இல்லையே." அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். எப்படியாவது உதவ வேண்டும் என்ற ஆசையில், "யாராவது தவறியிருந்தாலாவது..." என்று தொடங்கி, நல்லவேளை, நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அந்தப் பெண் எழுந்து போனாள். அழுதிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். அழுகைக்கு முப்பத்து மூன்றாம் ஷரத்து இருக்கிறது.

ஷரத்து சார் கல்நெஞ்சக்காரர் அல்ல. இதை நீங்கள் நம்ப வேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, தான் எழுதியதைத் தானே புரட்ட ஆரம்பித்தார். ஒரு சின்ன இடுக்கு கிடைத்தால் போதும், அந்தப் பெண்ணை அதன் வழியாக உள்ளே இழுத்துவிடலாம். கிடைக்குமா? வருடா வருடம் எங்கே காற்று வருகிறது என்று தேடித்தேடி அடைத்தவர் அவரே அல்லவா? வேலை அத்தனை சுத்தம்.

"என்னங்க தேடறீங்க?" என்றார் மனைவி.

"ஒரு ஓட்டை."

"நீங்க எழுதினதுதானே? பிடிக்கலைன்னா மாத்தி எழுதுங்க."

"வருஷத்துக்கு நடுவுல மாத்தக் கூடாதுன்னு கடைசி ஷரத்துல இருக்கு."

"அதை யாரு எழுதினது?"

"நான்தான்."

மனைவி அவரை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு குக்கரை இறக்கப் போய்விட்டார்.

அடுத்த வாரம் ஆய்வு சமர்ப்பிக்கும் நாள் வந்தது. அது பாடத்தின் முக்கியமான தேவை. கடைத்தெருவில் ஒன்றைப் பார்த்தால் இன்னொன்று போல இருக்கிற இரண்டு சின்னங்களைப் பிடித்து, சாதாரண மக்களிடம் காட்டி, குழம்புகிறார்களா என்று கேட்டு, வகுப்புக்கு முன்னால் நின்று சொல்ல வேண்டும். பரீட்சை எழுதக்கூடாதவர்கள் ஆய்வும் செய்யக்கூடாது என்று எழுத அவர் மறந்திருந்தார். எனவே முன்வரிசைப் பெண்ணும் வந்தாள்.

ஒருவன் இரண்டு பற்பசைகளைக் கொண்டுவந்தான். ஒருத்தி இரண்டு செருப்புக் கடைப் பலகைகள். சார் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அவள் எழுந்து திரையில் இரண்டு சின்னங்களைக் காட்டினாள். ஒன்று 'வருகைக் கொள்கை'. மற்றது 'வருகை நெறி'. இரண்டும் ஒரே எழுத்துரு, ஒரே அளவு, ஒரே அடிக்கோடு.



"நான் இதைப் பலபேர்கிட்ட காட்டினேன் சார்" என்றாள். "நூலகரம்மா ரெண்டும் ஒண்ணுதான்னு சொன்னாங்க. வண்டி நிறுத்துற இடத்துல இருக்கறவரும் அதையேதான் சொன்னாரு. முதல்வர் ரொம்ப நேரம் பார்த்துட்டு, ஒண்ணு அச்சுப்பிழைன்னாரு."

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். அது இருமல் அல்ல.

சார் நிமிர்ந்தார். "ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு நிதானமா படிச்சா வித்தியாசம் தெரியுமே?"

"பக்கத்துல வெச்சுப் பார்க்கக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொல்லிக் குடுத்தீங்க? வாங்க வர்றவங்க ரெண்டு பொருளையும் கையில வெச்சு ஒப்பிட மாட்டாங்க, முன்னாடி பார்த்ததைப் பாதி ஞாபகத்துல வெச்சுக்கிட்டுத்தான் வருவாங்க, அந்தப் பாதி ஞாபகத்தை வெச்சுத்தான் அளக்கணும்னு சொன்னீங்க. நான் ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்னுக்கிட்டுப் படிச்சேன் சார். எனக்கு அன்னைக்குப் பாதி ஞாபகம்கூட இல்ல."

ஷரத்து சாருக்கு உள்ளே என்னவோ இடறியது. இத்தனை வருடத்தில் மாணவர்கள் அவரிடம் எத்தனையோ ஷரத்துகளை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். பாடத்தை மேற்கோள் காட்டியவர்கள் யாருமே இல்லை. அவர் அந்த வாக்கியத்தைச் சொன்ன நாள் அவருக்கு ஞாபகம் இருந்தது; மழை பெய்துகொண்டிருந்தது; ஒருத்தரும் கேட்கவில்லை என்று நினைத்து நொந்துபோய் வீட்டுக்குப் போனார். ஒருத்தி கேட்டிருக்கிறாள்.

"கடைசியா ஒருத்தங்க இருக்காங்க சார்" என்றாள் அவள். "மருந்துக் கடை வெச்சிருக்காங்க. அவங்க சொன்னதை அப்படியே படிக்கறேன். 'ரெண்டு மாத்திரைக்கு இந்த மாதிரி பேர் இருந்தா நாங்க தனித்தனித் தட்டுல வைப்போம்மா. மாத்திக் குடுத்தா உயிரு போயிடும். இதை எழுதினவரை எனக்குத் தெரியாது. ஆனா அவர் பெண்டாட்டி ரொம்பப் பொறுமைசாலின்னு மட்டும் தெரியுது.'"

பின்தெருவில் இருப்பது ஒரே ஒரு மருந்துக் கடை. அது யாருடைய கடை என்று வகுப்பில் யாருக்கும் தெரியாது. தெரிந்த ஒருவருக்குக் காது நுனி சிவந்தது.

அவர் எழுந்தார். வழக்கமாகப் பேசுவதற்கு முன் ஓர் எண்ணைச் சொல்வார். இப்போது வாய் திறந்தது, எண் வரவில்லை. ஆசிரியர் தப்பு செய்தால் என்ன செய்வது என்று ஓர் இடத்திலும் எழுதிவைக்கவில்லை.

"நீங்க பரீட்சை எழுதலாம்மா" என்றார்.

வகுப்பு லீடர் உடனே எழுந்தான். நல்ல பையன், நாளைக்கு இவரைப் போலவே வரக்கூடியவன். "எந்த ஷரத்துப்படி சார்?"

"ஷரத்து எதுவும் இல்ல. நான் சொல்றேன்."

சொல்லிவிட்டு மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவர் இல்லாத பக்கம் நிற்கிறவரைப் போல இருந்தது அவருக்கு. ஆனால் கீழே விழவில்லை. கட்டடமும் இடியவில்லை. முன்வரிசைப் பெண் அப்போதுதான் அழுதாள். அவர் முப்பத்து மூன்றை மறந்தே போனார்.

"குழந்தை என்ன குழந்தைம்மா?" என்று கேட்டார்.

"பொண்ணு சார்."

"நல்லா இருக்கட்டும்" என்றார். ஆய்வுக்கு வகுப்பிலேயே அதிக மதிப்பெண் அவளுக்குத்தான். பிறகு பரீட்சையும் எழுதினாள், தேறினாள், வக்கீல் அலுவலகத்திலும் சேர்ந்தாள்.

வீட்டில் அன்று மாலை நடந்தது இவ்வளவுதான்.

"எழுதினவரைத் தெரியாதுன்னு சொன்னியாமே?"

"தெரியும்னு சொன்னா சாட்சி செல்லாதுன்னு நீங்கதான் சொல்லுவீங்க" என்றார் மனைவி, சாம்பாரில் உப்புப் பார்த்துக்கொண்டே.

அத்தோடு அவர் திருந்திவிட்டார் என்று முடித்தால் உங்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. ஆனால் உண்மை வேறு. அடுத்த வருடம் 'வருகை நெறி' போய்விட்டது. ஆறாவது ஷரத்தில் பிறப்பும் சேர்ந்தது. சேர்ந்ததா, அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு விளக்கமும் வந்தது: 'இரட்டைக் குழந்தைகள் பிறப்பின் அது ஒரே பிறப்பாகக் கொள்ளப்படும்.' முதல் நாள் அதை வாசித்துவிட்டு, 'புரிஞ்சுதா?' என்று கேட்டபோது அவர் முகத்தில் இருந்த பெருமிதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்கள் குடியிருப்பு லிஃப்டில், 'தயவுசெய்து' என்று தொடங்கி மூன்று ஆச்சரியக்குறிகளோடு முடிகிற ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறதே, அதை ஒட்டியது யார்? சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில், 'இங்கே குடும்ப விஷயம் மட்டும்தான் போட வேண்டும்' என்று எழுதி, குடும்ப விஷயம் எதுவென்று அடுத்த செய்தியில் விளக்கியது யார்? சரி சரி, நீங்கள் இல்லை. உங்களுக்கு அந்த வழக்கமே கிடையாது. 'அதெல்லாம் வாஸ்தவம்தான், ஆனா ஒரு ஒழுங்குன்னு இருந்தாத்தானே...' என்று இப்போது வாய்வரை வந்ததே, அதை மட்டும் கொஞ்சம் விழுங்கிவிடுங்கள். அந்த 'ஆனா' இருக்கிறதே, உங்கள் முதல் ஷரத்து அதுதான்.