மசமசவுக்கு மூன்றாவது சான்று

சக்கரத்தைக் கண்டுபிடித்தவரை உலகம் போற்றுகிறது. அது உருண்டு போவதைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றவரைப் போற்ற ஆளில்லை. அந்தப் பெருங்குறையைத் தீர்க்க வந்ததுதான், கண்ணுகளா, நான் வேலை பார்த்த அகராதி அலுவலகம்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். அறுபத்தாறு வயதில் என்னைக் கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள். தகுதி: பிறர் பேச்சை நன்றாக ஒட்டுக்கேட்பாள். பதவி: ‘சான்று திரட்டுநர்’. ஒரு சொல் அகராதிக்குள் நுழைய வேண்டுமானால், மூன்று பேர் அதைத் தன்னியல்பாகச் சொல்லி நான் கேட்டிருக்க வேண்டும். கேட்ட இடத்திலேயே சீட்டில் எழுதி, சொன்னவரிடம் கையெழுத்தும் வாங்க வேண்டும். இது விதி ஏழு. விதி ஒன்று முதல் ஆறு வரை இன்னும் பரிசீலனையில் இருந்தன.

எனக்கு ஒதுக்கப்பட்ட சொல் ‘மசமச’. எட்டு மாதத்தில் இரண்டு சான்று கிடைத்தது. ஒன்று, குளியலறை வாசலில் நின்று கத்திய என் மகள். இன்னொன்று, ஆசிரியர் குழுத் தலைவர். இரண்டுமே என்னைப் பார்த்துச் சொன்னவை. என்ன பாக்கியம்!

இதற்கு நடுவே என் அக்காவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஒரு வருடம் காத்திருந்து பெரிய ஆஸ்பத்திரியில் தேதி கிடைத்தது. புதன்கிழமை, காலை பத்து மணி. சொந்தக்காரர் ஒருவர் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே கொண்டுபோவார்கள்.

“பத்துக்குள்ள வந்துருடி. தாமதமானா அடுத்த ஆளைக் கூப்பிட்டுருவாங்க” என்றாள் அக்கா.

“என்னைப் பத்தித் தெரியாதாக்கா?”

“தெரிஞ்சுதான் சொல்றேன்.”

புதன்கிழமை ஒன்பது மணிக்கே டாக்ஸி வாசலுக்கு வந்துவிட்டது. நான் பூட்டை இழுத்துப் பார்த்தேன். மறுபடி இழுத்துப் பார்த்தேன். டாக்ஸிக்காரர் தலையை வெளியே நீட்டினார்.

“ஏம்மா மசமசன்னு நிக்கறீங்க? ஏறுங்க!”

எனக்கு மெய் சிலிர்த்தது. பையிலிருந்து சீட்டை எடுத்தேன்.

“தம்பி, இப்ப சொன்னீங்களே, அதுக்கு ஒரு கையெழுத்துப் போடுங்க.”

“எதும்மா? ஏறுங்கன்னதா?”

“அதுக்கு முன்னாடி.”

அவர் முகம் வெளுத்தது. “தெரியாம வாயில வந்துருச்சும்மா. இதுக்குப் போயி புகார் எழுதுவீங்களா? எனக்கு ரெண்டு பொண்ணுங்க.”

“புகாரில்ல தம்பி, கௌரவம்!”

“கௌரவத்துக்கு எதுக்கும்மா கையெழுத்து?”

நியாயமான கேள்வி. ஆகவே அகராதியின் தோற்றம், நோக்கம், விதி ஏழு எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் தன் மச்சானுக்குப் போன் செய்து ஆலோசனை கேட்டார். மச்சானுக்கும் விளக்கினேன். கையெழுத்து விழுந்தபோது மணி ஒன்பது ஐம்பது.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “மூணு தடவை பேரு கூப்பிட்டோம். அடுத்தவங்க உள்ள போயாச்சு. இனிமே நாலு மாசம் கழிச்சுத்தான்.”

அக்கா பச்சை அங்கியோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கண்ணில் விட்ட மருந்து கன்னத்தில் வழிந்திருந்தது. என் செருப்புச் சத்தம் வந்த பக்கம் திரும்பினாள்.

“டாக்ஸி கிடைக்கலையா?”

“கிடைச்சுதுக்கா.”

“வழியில கூட்டமா?”

“இல்லக்கா.” நடந்ததைச் சொன்னேன்.

கன்னத்தில் வழிந்த மருந்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். “மூணாவது கிடைச்சிருச்சில்ல?”

“கிடைச்சிருச்சுக்கா.”

“சரி, கையைக் குடு. படி எங்க இருக்குன்னு தெரியல.”

அலுவலகத்தில் எனக்குப் பாராட்டுக் கூட்டம் நடந்தது. “கடமைக்காகக் குடும்பத்தையும் பாராதவர்” என்றார் தலைவர். நான் அடக்கத்தோடு தலைகுனிந்தேன். அப்போது அதற்கு அடக்கம் என்றுதான் பெயர்.

நான்கு மாதம் கழித்து அக்காவுக்கு ஆபரேஷன் நடந்தது. கையெழுத்துப் போட மகனை வெளியூரிலிருந்து வரவழைத்துக்கொண்டாள். என்னிடம் தேதியே சொல்லவில்லை.

அகராதி அச்சாகி வந்ததும் கொண்டுபோய் அவள் மடியில் வைத்தேன். புதுக் கண்ணால் எழுத்தெழுத்தாகப் படித்தாள்: “மசமச: அவசரக் காரியம் காத்திருக்க, நின்ற இடத்திலேயே பொழுதை மெல்லக் கரைத்தல். சான்று சொன்னோர்: மகள், தலைவர், டாக்ஸி ஓட்டுநர்.”

“நல்லாருக்காக்கா?”

“நல்லாத்தான் இருக்கு” என்று பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். “சொன்னவங்க மூணு பேரையும் போட்டிருக்கே. நின்னவளை எங்கடி காணோம்?”