கோட்டை வீரர்களும் தெருப் பம்பும்

வேங்கிக்கால்,
திருவண்ணாமலை.

மதிப்பிற்குரிய மச்சான் புகழேந்தி அவர்களுக்கு, சக்கரவர்த்தி வணக்கத்துடன் எழுதுவது. அண்ணாமலையார் தயவில் எல்லோரும் சுகம். நம் பெண் கவியா போலீஸ் உடல்தகுதித் தேர்வில் தேறிவிட்டாள். எப்படித் தேறினாள் என்று ஊர் பலவிதமாகப் பேசும் முன், உண்மையைத் தாங்கள் என் வாயிலாகவே அறிய வேண்டும்.

தங்கள் மகன் இளவரசன் என் கம்ப்யூட்டரில் கோட்டை கட்டும் விளையாட்டு ஒன்றைப் போட்டுக் கொடுத்தான் அல்லவா? கோட்டையை நன்றாகத்தான் கட்டினேன். ஆனால் காவலுக்கு வைத்த வீரர்கள் சுத்த சோப்ளாங்கிகள். ஒரு ஓநாய் வந்ததற்கே தளபதி சாப்பாட்டு அறைக்குள் ஓடி ஒளிந்துகொண்டார். இளவரசனுக்குப் போன் போட்டேன். “மாமா, கத்தி வீசக் கத்துக்குனா மட்டும் பத்தாது, உடம்புல தெம்பு ஏறணும். எல்லாரையும் கோட்டைக்குள்ள இருக்குற பம்ப அடிக்க உடுங்க, தண்ணி வரலன்னாலும் பரவால்ல”ன்னான். அடிக்க விட்டேன். மச்சான், அடுத்த முறை வந்த ராட்சதனை அதே தளபதி தூக்கி அகழியில் எறிந்தார்!

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. தேர்வுக்கான பயிற்சியில் கவியா இரும்புக் குண்டு எறிதலில்தான் பின்தங்கியிருந்தாள். “நாளையிலேருந்து விடியக்காலைல தெருப் பம்புல தண்ணி அடி”ன்னு உத்தரவு போட்டேன். “பொண்ண இன்னான்னு நெனச்சீங்க, மாடா?” என்று தங்கள் தங்கை கரண்டியோடு வந்தாள். நான் அசரவில்லை. தினமும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து படையைப் பார்த்தபடியே ஜன்னல் வழியாகப் பம்புச் சத்தத்தையும் கவனித்தேன். சத்தம் நின்றால், “ஏன் நிறுத்திட்ட? இன்னும் ஜாஸ்தி அடி!” என்பேன். “கொடம் ரொம்பிடுச்சு!” என்று பதில் வரும். பாவம், களைப்பில் பெண்ணின் குரலே மாறிவிட்டிருந்தது. “அடுத்த கொடத்த வை!” என்பேன். தேர்வன்று அவள் எறிந்த குண்டு எல்லோரையும் தாண்டிப் போய் விழுந்தது. தேர்வு நடத்தியவரே “யாரும்மா உனக்குப் பயிற்சி?” என்று கேட்டாராம். கண் கலங்கிவிட்டது மச்சான்.

வீட்டில் அனைவருக்கும் என் அன்பு. இளவரசன் நூறாண்டு வாழ்க.

தங்கள் மச்சான்,
சக்கரவர்த்தி

பி.கு.: கவரை ஒட்டுமுன் கவியா இதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறாள். “நான் எங்க பம்பு அடிச்சேன்ப்பா? டெய்லி கிரவுண்டுக்குப் போயி மாஸ்டர்கிட்ட இல்ல பழகினேன்! அடிச்சது எதிர்வீட்டு அன்புச்செல்வி அக்கா.” மன்னிப்புக் கேட்க ஓடினேன். அந்தப் பெண் நிரம்பிய கேஸ் சிலிண்டர் ஒன்றை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தாள். மச்சான், போலீஸ் தேர்வுக்கு வயது வரம்பு எவ்வளவு என்று இளவரசனிடம் உடனே கேட்டுச் சொல்லவும்.