வேணிக்கு வந்த இழுப்பு

ஒரே முடிவாக இருந்தேன். உயிரே போனாலும் மருந்துக்கடையில் நின்று நாலு பேர் பார்க்க வாயைப் பிளக்க மாட்டேன்.

எனக்கு இழுப்பு. மூச்சு விட்டால் நெஞ்சுக்குள் தறி ஓடும். பட்டுக்கடையில் புடவை விரித்துக் காட்டுவது என் வேலை. முந்தானைக்கு வருவதற்குள் மூச்சு தீர்ந்துவிடும். காலையும் மாலையும் இழுக்கச் சொல்லி டாக்டர் இன்ஹேலர் கொடுத்தார். நான் அதை வாய்க்கு எதிரே பிடித்து, கல்யாண வாசலில் பன்னீர் தெளிக்கிற மாதிரி அடித்துக்கொள்வேன். பாதி மருந்து மீசைக்குப் போய்விடும்.

"இன்னாங்க, இழுப்பு உங்களுக்கா, மீசைக்கா? மருந்துக்கடைப் பொண்ணு நாஸியா எல்லாருக்கும் இழுக்கக் கத்துக்குடுக்குதாம். போய்ப் பாருங்களேன்" என்பாள் என் மனைவி கிருஷ்ணவேணி.

"மூச்சு விட எனக்குக் கத்துக்குடுக்கணுமா? பொறந்ததுலேர்ந்து விட்டுக்கினுதானே இருக்கறேன்?"

ஒருநாள் கடையில் புடவையோடு சேர்ந்து நானும் சரிந்தேன். "உடம்பு தேறினா வாப்பா, இல்லன்னா வேற ஆளு பாக்கறேன்" என்று முதலாளி அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்தால், வேணி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கையில் ஒரு இன்ஹேலர்.

"எனக்கும் இழுப்பாம். கடையில கேக்க வெக்கமா இருக்குதுங்க. நீங்கதான் கத்துக்குடுக்கணும்."

என் மீசை வைத்தியத்தைக் கற்றால் இவள் கதி என்ன? மருந்துக்கடைக்கு ஓடினேன்.

"எனக்கில்லம்மா. வீட்டுல கேக்கறாங்க."

நாஸியா சிரிக்கவே இல்லை. "நல்லா குலுக்குங்க சார். மூச்சை முழுசா வெளிய விடுங்க. உதட்டால கவ்விக்குங்க. மெதுவா இழுக்க ஆரம்பிக்கறப்ப அமுக்குங்க. இழுத்ததை உள்ளயே நிறுத்துங்க. கடைசியா வாய் கொப்பளிக்கணும்."

தெருவே பார்க்க வாயைப் பிளந்தேன். பெண்டாட்டிக்காகத்தானே!

அன்றிலிருந்து வீட்டில் பாடம். "வாத்தியார் முதல்ல" என்பாள். என்னுடையதை இழுத்துக் காட்டுவேன். பிறகு அவளுடையதை அவள் இழுப்பாள். ஒரு வேளை நான் மறந்தாலும் "அய்யோ, நெஞ்சு!" என்பாள்.

மாதம் திரும்பவில்லை, நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன். ஒரே மூச்சில் புடவைக் குவியலையே விரித்தேன். அதைவிடப் பெருமை, வேணியைக் குணப்படுத்தியது. அவளுக்குப் புது இன்ஹேலர் வாங்கப் போனேன்.

"அக்காவுக்கா?" நாஸியா விழித்தாள். "அதுல மருந்தே இல்லியே சார். பழகறதுக்கு வெச்சிருக்கற வெறும் டப்பா. அவங்கதான் கேட்டு வாங்கிக்கினு போனாங்க."

வீட்டுக்குப் பாய்ந்தேன்.

"உனக்கு இழுப்பே இல்லியா?"

"இல்லீங்க. நீங்க தவிக்கறப்ப எனக்குத்தான் மூச்சு அடைச்சுது. வேற வழி தெரியல."

கோபப்பட வாயெடுத்தேன். கண்தான் கலங்கியது.

"சரி போ. இனிமே எதுவா இருந்தாலும் முன்னாடியே சொல்லிடு வேணி."

அவள் என் தொந்தியை ஒருமுறை பார்த்தாள்.

"அப்ப சொல்லிடறேன். திங்கக்கிழமையிலேர்ந்து எனக்குச் சர்க்கரை. ஓரிக்கை வரைக்கும் நடக்கக் கத்துக்குடுங்க."