கெண்டைக்கால் பிடிப்பும் அகஸ்டினார் படையெடுப்பும்

வாழ்க அகஸ்டினார்! மணிமுத்தாற்றங்கரை விருத்தாசலத்தில் பீங்கான் சூளை நடத்தும் பெருந்தகை, வாட்ஸ்அப் காணொளிகளாலேயே வைத்தியம் முற்றக் கற்ற வித்தகர், எம்.பி.பி.எஸ். என்ற எழுத்துகளைக் கண்டாலே ஏளனப் புன்னகை பூக்கும் எம்மான் வாழ்க!

அத்தகைய ஆண்டகைக்கும் ஒரு பகை வாய்த்தது. சென்ற ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், ஊரே மண்டியிட்டு மௌனம் காத்த திருவேளையில், அவரது வலது கெண்டைக்கால் நாணேற்றிய வில்லென விறைத்து இழுக்க, "ஐயோ, செத்தேன்!" என அவர் எழுப்பிய முழக்கத்தில் பீடத்து மெழுகுத்திரிகளே நடுங்கின. வரவிருந்த திருவிழாப் பவனியில் முன்னே சிலுவை ஏந்தும் பேறு அவருடையது. அப்பேற்றுக்கு நாவூறக் காத்திருந்தவர் பக்கத்துச் சூளை மிக்கேல்.

மருத்துவர் ஒரே ஒரு கால்சியம் மாத்திரை எழுதினார்; தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார். தண்ணீராம்! அனல் கக்கும் சூளையை அடக்கி ஆள்பவருக்குத் தண்ணீராம்! மருந்துச் சீட்டைச் சட்டைப்பையில் சிறைவைத்துவிட்டு, கமருன்னிசாவின் மருந்துக் கடைமீது படையெடுத்தார் அகஸ்டினார்.

அங்கே கண்ணாடி அலமாரியில், கால்சிய, மெக்னீசிய மாத்திரைகளின் கார்பனேட் என்னும் காலாட்படையும், சிட்ரேட் என்னும் குதிரைப்படையும், கிளைசினேட் என்னும் விலையுயர்ந்த யானைப்படையும், வைட்டமின் டி3யைத் துணைக்கழைத்த கூட்டணிகளும் டப்பா டப்பாவாய் அணிவகுத்து நிற்க, ஒவ்வொன்றாய்க் கையிலெடுத்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கேற்றி, எறும்பினும் சிறிய எழுத்துகளோடு பொருதார். ஒன்றும் விளங்கவில்லை. விளங்காததற்கு விளங்கியதுபோல் தலையசைக்கும் கலையிலோ அவருக்கு நிகர் எவருமில்லை.

"அண்ணே, பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க. டாக்டர் சீட்டு இருந்தா குடுங்க, எழுதுனதையே தரேன்" என்றாள் கமருன்னிசா.

"சீட்டு எதுக்கும்மா? எனக்குத் தெரியாததா?"

இருமல் மருந்துக்கு வந்திருந்த மிக்கேல் வரிசையிலிருந்து எட்டிப் பார்த்தார். "இன்னா அகஸ்டினு, காலு இன்னும் இழுக்குதா? சிலுவைய வேணா நான் தூக்கட்டா?"

வெகுண்டார் வீரர். எந்த டப்பாவில் மில்லிகிராம் பெரிதோ அதுவே மேலானது என நொடியில் தீர்ப்பு வழங்கினார். மெக்னீசியத்தில் ஒன்று, கால்சியத்தில் ஒன்று! "மெக்னீசியம் ஜாஸ்தி போட்டா வயித்த..." என்று கமருன்னிசா தொடங்கியது முடியுமுன் அவரது ஸ்கூட்டர் தெருமுனை கடந்திருந்தது.

திருவிழாவன்று காலையில் மூன்று மெக்னீசியத்தை விழுங்கினார்.

"ஒண்ணுதான போடணும்னு போட்டிருக்குது?" என்றாள் மனைவி மெர்சி.

"அது சாதாரண ஆளுங்களுக்கு" என்று பகர்ந்து, மத்தியானம் மேலும் மூன்றை விழுங்கினார்.

மாலையில் வெள்ளை அங்கி பூண்டு சிலுவையைப் பற்றினார். மேளம் அதிர்ந்தது, வெடி முழங்கியது, மிக்கேலின் முகம் வாடியது, கெண்டைக்காலோ கட்டுண்ட கள்வனென அடங்கிக் கிடந்தது. வென்றோம் என்று நெஞ்சு நிமிர்த்தி அவர் முதலடி வைத்த அக்கணமே, அடிவயிற்றின் ஆழத்தில் வேறொரு சேனை முரசறைந்து கிளர்ந்தெழுந்தது, திருமுகம் வெளுத்தது, திருவுடல் வியர்த்தது, எக்காலத்தும் பின்வாங்கியறியாத அப்பெருமகனார், சிலுவையை மிக்கேலின் கையில் திணித்துவிட்டு, அங்கியை முழங்காலுக்குமேல் சுருட்டிப் பிடித்தபடி, திரண்டிருந்த பங்கு மக்கள் கடலெனப் பிளந்து வழிவிட, வீடு நோக்கிப் புறமுதுகிட்டார்.

ராத்திரிக்கு மெர்சி கஞ்சி வைத்துக் கொடுத்தாள்.