ஓடுகிற ஆட்களுக்கு ஒரு துவக்கு

1987 ஓகஸ்ட் 16, ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல் ஆறு மணிக்கு எழுந்தேன். போர்வையை நான்காக மடித்து வைத்தேன். பால் விடாத பிளேன்ரீ குடித்தேன். அறைத்தோழனிடம் இரவல் வாங்கிய வெள்ளைக் காற்சட்டையை அயன் பண்ணினேன். பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து துவக்கை எடுத்து, அதன் உருளைக்கு ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டேன்.

கடைசி வரியைக் கண்டு பயப்பட வேண்டாம். அது விளையாட்டுத் துப்பாக்கி. இருந்தும், மொன்றியலில் நான் முதன்முதலாக ஆராய்ந்து வாங்கிய பொருள் அதுதான். (சப்பாத்தைக்கூட அவ்வளவு ஆராய்ந்து வாங்கவில்லை.)

எல்லாம் ஒரு சொல்லால் வந்த வினை. எங்கள் தமிழ்ச் சங்கத்தின் முதல் விளையாட்டுப் போட்டிக்குக் கூட்டம் போட்டிருந்தோம். சென்னையிலிருந்து இங்கே படிக்க வந்திருந்த ரகுவும் வந்திருந்தார். அவர் எழுந்து, "எல்லாம் சரி சார், துவக்குறதுக்கு என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டார். விழாவைத் தொடங்கிவைக்க ஒரு பெரிய மனிதரை அழைக்கவேண்டாமா என்பதுதான் அவர் கேள்வி. ஆனால் எங்கள் யாழ்ப்பாணத்தில் துவக்கு என்றால் துப்பாக்கி. செயலாளர் குலம் அண்ணை மேசையில் தட்டினார்.

"பாத்தியளே! இந்தியாக்காரப் பொடியனுக்கு விளங்குது. விசிலுக்கு ஆரப்பா ஓடுவான்? முறையெண்டால் துவக்கு வேணும்!"

 துவக்கு வாங்குவதும் சுடுவதும் என் பொறுப்பு என்று நான் கையை உயர்த்தினேன்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. எனக்குக் கலியாணம் பேசியிருந்தார்கள். பெண் மட்டக்களப்பு, பெயர் மலர், அண்ணனோடு மொன்றியலிலேயே பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் இருந்தாள். பேசிவைத்த மாமி என்னைப் பற்றிச் சொல்லியிருந்த ஒரே சிறப்பு, "பதறாத பொடியன்" என்பது. (டவுன்டவுன் உணவகமொன்றில் கோப்பை கழுவுகிறவனைப் பற்றி அவவும் வேறு என்னத்தைச் சொல்லுவா?) என்னைப் பார்க்கவென்றே அண்ணன் ஜெயம் போட்டிக்கு வருவதாக இருந்தது. அத்தனை பேருக்கும் நடுவில் கையை நீட்டி, கண் சிமிட்டாமல் நான் வெடி வைத்தால், பதறாமைக்கு வேறு சாட்சி வேண்டுமா?

முதலில் டவுன்டவுனில் ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "எனக்கு ஒரு துப்பாக்கி வேண்டும். ஓடுகிற ஆட்களுக்கு" என்றேன். கடைக்காரர் இரண்டு கைகளையும் மெதுவாக மேசைமேல் வைத்தார். நான் அவசரமாகக் குனிந்து, கடைக்குள்ளேயே நாலடி ஓடிக் காட்டினேன். அவருக்கு உயிர் வந்தது. ஓட்டப்போட்டிக்கென்றே செய்த ரிவோல்வர் ஒன்றைக் காட்டினார். விலையைக் கேட்டதும் எனக்கு உயிர் போனது.

அடுத்தது விளையாட்டுச் சாமான் அல்ல, விளையாட்டுப் பொம்மைக் கடை. பிளாஸ்டிக் துவக்கு மலிவு. ஆனால் "டிக்" என்றது. தண்ணீர் பீச்சுவது அழகு. ஆனால் அதற்கு எவன் ஓடுவான்? கடைசியில் கறுப்புத் தகர ரிவோல்வர் ஒன்று. உருளை சுழலும், பொட்டுவெடி போடலாம், பார்வைக்கு அசல். ஒரே குறை, சத்தம் பத்தடி தாண்டாது. அதற்கும் வழி கண்டுபிடித்தேன். சங்கத்தில் கையில் பிடிக்கும் ஒலிபெருக்கி ஒன்று இருந்தது. அதன் வாயருகே வைத்துச் சுடுவது. மலிவும் ஆயிற்று, முழக்கமும் ஆயிற்று. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

போட்டி நோத்ர-டாம்-த-கிரேஸில், எங்கள் அபார்ட்மென்டுக்குப் பக்கத்துப் பூங்காவில். முதலாவது, நூறு மீற்றர் ஓட்டம். ஆள் குறைந்ததால் ரகுவையும் செருப்போடு வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். ஜெயம் அண்ணை எனக்கு மிக அருகில் வந்து நின்றார். தூரத்தில் மலர் தோடம்பழச் சாற்று ஜாடியைத் தூக்கிக்கொண்டிருந்தாள். இடக்கையில் ஒலிபெருக்கி. வலக்கையில் ரிவோல்வர். நெஞ்சை நிமிர்த்திச் சுட்டேன்.

என்ன சத்தம்! புறாக்கள் எழும்பின. ஆட்கள் விழுந்தார்கள்.

ஓட்டக்காரர், நடுவர், வடை விற்ற அக்கா, குலம் அண்ணை, அத்தனை பேரும் குப்புறப் படுத்துவிட்டார்கள். யாரும் யோசித்துப் படுக்கவில்லை. ஊரில் சூட்டுச் சத்தத்துக்குப் பழகிய உடம்பு தானாகப் படுத்தது. நாயோடு நடந்து வந்த வெள்ளைக்காரக் கிழவி மட்டும் நின்று, "சா வா, மெஸ்யூ?" என்று எங்களை நலம் விசாரித்தாள். ரகு தனியாக ஓடி, எல்லைக்கோட்டைத் தாண்டி, திரும்பிப் பார்த்து அலறினார்: "சார்! என்னாச்சு சார்?"

என் மூக்குக்கு முன்னால் புல் இருந்தது. அதற்கு அப்பால் ஜெயம் அண்ணையின் மூக்கு.

"தம்பி, ஆரு சுட்டது?"

"நான்தான் அண்ணை."

"அப்ப நீங்க ஏன் படுத்தீங்க?"



முதலில் சிரித்தது வடை அக்கா. பிறகு மைதானமே படுத்தபடி சிரித்தது. சிலர் கண்ணைத் துடைத்தார்கள். ஜெயம் அண்ணை எழுந்து புல்லைத் தட்டிவிட்டு, "சரி தம்பி, மறுகா" என்றார்; போய்விட்டார். யாழ்ப்பாணத்தானாகிய நான், "மறுகா" என்றால் மறுத்துவிட்டார் என்று விளங்கிக்கொண்டேன். வெள்ளைக் காற்சட்டையின் இரண்டு முழங்காலிலும் பச்சைக் கறையோடு வீட்டுக்குப் போனேன்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் பிள்ளைகள் பிளேட்டைப் போட்டு உடைத்தால், "அப்பா, படுங்கோ!" என்று கத்துவார்கள். மச்சான் ஜெயம் ஒவ்வொரு பிறந்தநாளிலும் கதையை முதலிலிருந்து சொல்வார். "பதறாத மாப்பிள்ளை எண்டாங்க. தன்ர வெடிக்குத் தானே படுத்த மனிசன்! பதறாத ஆள் ஆரெண்டா என்ட தங்கச்சிதான். ஜாடியோட குந்தினாள், ஒரு சொட்டுச் சிந்தயில்ல." மலர் மறுப்பதில்லை.

போட்டிக்கு மறுநாள், திங்கட்கிழமை காலை, எழுந்ததும் முதல் வேலையாகக் காற்சட்டையைக் குளியல் தொட்டியில் ஊறப்போட்டேன். தொலைபேசி அடித்தது. ஜெயம் அண்ணை.

"என்ன தம்பி, கறை போச்சா? எனக்கும் போகயில்ல. தேசிக்காய்ப் புளியும் உப்பும் போட்டுத் தேய்க்கட்டாம், தங்கச்சி சொல்லச் சொன்னா. நேத்து மறுகா கதைப்பம் எண்டு சொல்லிட்டுத்தானே வந்த நான்? பின்னேரம் வாங்க, சாப்பிட்டுட்டுக் கதைப்பம்."

மட்டக்களப்பில் மறுகா என்றால் பிறகு!

போர்வையைக்கூட மடிக்காமல், தேசிக்காய் வாங்க மூலையிலிருந்த டெப்பனேர்க் கடைக்கு ஓடினேன். அந்த ஓட்டத்துக்கு யாரும் துவக்குச் சுடவேண்டியிருக்கவில்லை.