கம்ப்யூட்டருக்கு விட்ட தையல் மிஷின் எண்ணெய்

மிஷின் மெதுவாக ஓடினால் அதற்கு வேண்டியது எண்ணெய்தான். ரொம்ப காலம் இப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். தையல் மிஷின், கிணற்று ராட்டினம், வீட்டுக்காரரின் சைக்கிள், எதுவும் என் நம்பிக்கையைப் பொய்யாக்கியதில்லை. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. பஸ் பலகையை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் பஸ் போய்விடும். ஆனால் அண்ணனூரில் எங்கள் தெருவில் எந்த வீட்டுத் தையல் மிஷின் மக்கர் செய்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தத் திமிர் எனக்கு உண்டு. (இப்போதும் கொஞ்சம் உண்டு.)

தொண்ணூறுகளின் கடைசியில் என் மகன் சேகருக்குக் கல்யாணம் ஆனது. நாங்கள் கூலிக்கு நாற்று நட்ட குடும்பம். சேகர் அம்பத்தூரில் லேத் பட்டறையில் வேலை பார்த்தான். மருமகள் விமலா ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள், படித்தவள். சீரோடு சீராக ஒரு பழைய கம்ப்யூட்டரும், பிரிண்ட் எடுக்கிற பெட்டியும் வந்தன. பீரோவைக்கூட மூலையில் தள்ளிவிட்டு அவற்றுக்கு இடம் கொடுத்தோம்.

அவள் வீட்டிலிருந்தே டைப் அடித்துக் கொடுப்பதாக ஏற்பாடு. வேலப்பன்சாவடி கல்லூரிப் பெண் ஒருத்தி புராஜெக்ட் கொடுத்திருந்தாள். தடியான புத்தகம். விமலாவுக்கு வந்த முதல் பெரிய வேலை அதுதான். சொன்ன நேரத்தில் கொடுத்தால் அவளுடைய தோழிகள் எல்லாரும் வருவார்கள். தவறினால் ஒருத்தியும் இந்தப் பக்கம் தலைவைக்க மாட்டாள். ஆயுதபூஜை அன்று மாலைக்குள் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

அந்தக் கம்ப்யூட்டரோ, சுவிட்சைப் போட்டுவிட்டு நான் அரிசி களைந்து உலை வைத்துத் திரும்பினால்தான் கண்ணைத் திறக்கும். எழுத்தைத் தட்டினால் யோசித்து யோசித்துக் காட்டும்.

“ரொம்ப ஸ்லோவா இருக்கு அத்தை.”

“எண்ணெ வுட்டுப் பாத்தியா?”

விமலா சிரித்தாள். பாவம், பட்டறை வீட்டுக்குப் புதுசு, போகப்போகத் தெரியும் என்று விட்டுவிட்டேன்.

ஆயுதபூஜை அன்று காலை. டைப் அடித்து முடித்தாகிவிட்டது, பிரிண்ட் எடுப்பதுதான் பாக்கி. விமலா பொரியும் வாழைப்பழமும் வாங்கக் கடைக்குப் போனாள். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். சூடாகிறது என்று பக்கத்து மூடியைக் கழற்றியே வைத்திருப்பாள். உள்ளே தூசு. நடுவில் குட்டியாக ஒரு ஃபேன். விரலால் சுழற்றினேன், சண்டித்தனம் செய்தது.

‘ஓ, இதானா சங்கதி!’

ஈரத்துணியால் உள்ளே துடைத்தேன். (பச்சைப் பலகையை மட்டும் ரெண்டு தடவை.) தையல் மிஷின் எண்ணெயை எடுத்து ஃபேனுக்கு விட்டேன். சுற்றிலும் நிறைய ஓட்டை இருந்தது. மிஷினில் ஓட்டை எதற்கு இருக்கிறது? ஒன்றையும் விடவில்லை. பிறகு குளிப்பாட்டிய பிள்ளையைச் சும்மா விடுவதா என்று விபூதிப் பட்டை, சந்தனம், குங்குமம் எல்லாம் வைத்தேன், வெளியிலும் உள்ளேயும். விமலாவின் ஃபிளாப்பிகளை எடுத்துச் சரஸ்வதி படத்துக்கு முன்னால் புத்தகங்களோடு அடுக்கிக் கற்பூரம் காட்டினேன்.

பொரியோடு வந்தவள் மாலை போட்ட கம்ப்யூட்டரைப் பார்த்து வாசலிலேயே நின்றாள்.

“அத்தை… பிரிண்ட் எடுக்கணுமே?”

“எடேன்! பூஜ போட்ட மிஷின ஒரு தபா ஓட்டித்தான் நிறுத்தணும். பட்டறைல அப்டித்தான். போட்டுப் பாரு, பறக்கும்.”

புது மருமகள் மாமியாரிடம் என்ன சொல்வாள்? போட்டாள்.

ஒன்று சொல்லியாக வேண்டும், ஃபேன் பறந்தது. எண்ணெயையும் குங்குமத்தையும் குழைத்து விமலாவின் புதுப்புடவை மேல் வாரி இறைத்தது. பிறகு ‘டப்’ என்று ஒரு சத்தம். சாம்பிராணியை மீறி ஒரு வாடை. அவ்வளவுதான்.

விமலா முகத்திலிருந்த குங்குமத்தைத் துடைத்துக்கொண்டு சரஸ்வதி படத்தையே பார்த்தாள். சாமியைக் கும்பிடுகிறாள் என்று நினைத்தேன். பார்த்தது ஃபிளாப்பியை. புராஜெக்ட் முழுவதும் அதில் இன்னொரு பிரதி இருந்தது. வேறு எங்காவது பிரிண்ட் எடுத்துவிடலாம். ஆனால் சரஸ்வதி முன்னால் வைத்ததை மறுநாள் வரை யாரும் தொடக்கூடாது என்று முந்தின நாள் முழுக்க நான்தான் பாடம் நடத்தியிருந்தேன். அவள் கை நீட்டவில்லை.

என் வாழ்நாளில் அப்படிக் கூசிப்போனதில்லை. நானே போய் ஃபிளாப்பியை எடுத்தேன். “தாயே, அவசரம், சாயங்காலம் வச்சிடறோம்” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். “பொறப்படு கண்ணு.”

பக்கத்துக் கடைகள் பூட்டியிருந்தன. ஆவடி போய் பூந்தமல்லி பஸ் பிடித்துக் கரையான்சாவடியில் இறங்கினோம். ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் மட்டும் ஆள் இருந்தார், வாசலில் பூசணிக்காய் உடைத்துக்கொண்டு.

“இன்னாம்மா, நாள் தெரியாதா? பூஜ போட்டாச்சு. நாளைக்கு வா.”

“தொட்டா இன்னா நைனா? சாமி ஒண்ணும் கோச்சுக்காது.”

“இன்னா ஆயா, பெரியவங்க நீங்களே இப்டிப் பேசலாமா?”

“பெரியவங்க சொன்னா கேட்டுக்கணும். இந்தப் பொண்ணு பொழப்பு கீது இதுல. நட, உள்ள போவலாம்.” (முந்தின நாள் இந்தப் பேச்சை நானே கேட்டிருந்தால் என்னை நானே அடித்திருப்பேன்.)

அவர் மாலையை விலக்கினார். கம்ப்யூட்டர் மேல் ஒரு வெள்ளைத்தாள் ஒட்டி, அந்தத் தாளில் பொட்டு வைத்திருந்தது.

“இன்னா நைனா, பேப்பருக்குப் பொட்டு?”

“பின்ன? நேரா வச்சா உள்ள பூந்து மிஷின் பூடும். எவனாச்சும் கம்ப்யூட்டர்ல சந்தனத்தப் பூசுவானா ஆயா?”

விமலா சுவரிலிருந்த காலண்டரை ரொம்ப அக்கறையாகப் படித்தாள். தோள் மட்டும் குலுங்கியது. எனக்கும் அடக்க முடியவில்லை. கல்யாணமாகி வந்த பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

பிரிண்ட் வந்தது. வேலப்பன்சாவடிக்கே கொண்டுபோய் அந்தப் பெண் கையில் கொடுத்தோம். வீட்டுக்கு வந்தால் சேகர் கம்ப்யூட்டருக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தான்.

“இன்னாமே இது, உள்ள குங்குமமா கீது?”

நான் வாயைத் திறப்பதற்குள் விமலா சொன்னாள், “பூஜைக்கு நான்தாங்க வச்சேன். தெரியாமப் போச்சு.”

“படிச்ச பொண்ணு பண்ற வேலையா இது?”

பட்டறையையே தூக்கி நிறுத்துகிறவன் மாதிரி அவன் ஆரம்பித்தான். எனக்குப் பொறுக்கவில்லை.

“டேய், அவள ஒண்ணும் சொல்லாத. வச்சது நானு. எண்ணெ வுட்டதும் நானு.” அவனுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. “பல்லக் காட்டாம சோத்தத் துன்னு.”

அவன் பல்லைக் காட்டியது இன்று வரை நிற்கவில்லை. கல்லூரிப் பெண்கள் வரிசையாக வந்தார்கள். விமலா அடுத்த கம்ப்யூட்டர் வாங்கி, பிறகு கடையே வைத்தாள். இந்தக் கதையையும் நான் சொல்லச் சொல்ல அவள்தான் லேப்டாப்பில் அடிக்கிறாள். அது கொஞ்சம் மெதுவானால் போதும், பேத்தி உள்ளேயிருந்து கத்துவாள், “ஆயா, எண்ணெ எடுத்துகினு வா!”

ஆயுதபூஜை வந்தால் விமலா லேப்டாப்பை மூடி, மேலே ஒரு வெள்ளைத்தாளை ஒட்டுவாள். குங்குமத் தட்டை வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டாள். என்னிடம்தான் நீட்டுவாள்.

“முதப் பொட்டு நீங்கதான் அத்தை. பேப்பர் மேல.”