சம்பந்தியும் பின்லைற் பல்பும்

சேசு மரி சூசை துணை

கரம்பொன்,
27.12.1973.

அன்புள்ள தம்பி பிலிப்புக்கு,

கொழும்பில் நீயும் பிள்ளைகளும் நத்தாரை நல்லபடி கொண்டாடியிருப்பீர்கள். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன், எழுத முடியவில்லை. நம்முடைய ஒஸ்ரின் காரின் பின்லைற் பல்பைக் களவெடுத்துவிட்டார்கள். கள்ளன் யார் என்று கேட்டால் நீ கதிரையால் விழுவாய். நம்முடைய மகள் ஜசிந்தாவுக்கு மாமனாராக வரப்போகிற சில்வெஸ்ரர்!

முதலிலிருந்து சொல்கிறேன். நத்தாருக்கு முந்தின கிழமை பண்ணைப் பாலத்தில் பொலிஸ்காரன் மறித்து, "ஐயா, பின்னுக்கு லைற் எரியேல்லை, இன்னொருக்கால் கண்டால் வழக்குத்தான்" என்றான். பென்சன் எடுக்கும்வரை வழக்கென்று கோட்டுப் படி மிதியாதவன் நான். அடுத்த நாளே பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய்க் கடைகடையாக அலைந்தேன், வெளிநாட்டுச் சாமான் வருவது நின்றபிறகு பல்ப் என்றால் கடைக்காரர் சிரிக்கிறார்கள், கடைசியில் கார் திருத்தும் ஒரு கராச்சுக்காரரின் காலில் விழாத குறையாக ஒன்று வாங்கி, பையில் வைத்தால் உடையுமென்று வீடுவரை கையில் பொத்திக்கொண்டு வந்தேன். வந்தால், உப்புக் காற்றில் பின்லைற் மூடியின் ஆணி கறள் கட்டி அசையமாட்டேன் என்கிறது. சில்வெஸ்ரர்தான் தேங்காயெண்ணெய் விட்டுப் பக்குவமாகக் கழற்றி, கருகிய பல்பை எடுத்துப் புதியதைப் பூட்டினார். நான் சுவிச்சைப் போட, "எரியுது அண்ணை, செக்கச்செவேலெண்டு எரியுது!" என்று பின்னாலிருந்து கத்தினார். இப்படியொரு சம்பந்தி யாருக்குக் கிடைக்கும் என்று என் மனுசியிடம், உன் மச்சாளிடம்தான், சொல்லிச் சொல்லி மகிழ்ந்தேன்.

நத்தாரன்று காலை பூசைக்கு நடந்து போனோம். ஊருக்குக் கரண்ட் இன்னும் வரவில்லை அல்லவா, கோயில் பாலன் குடிலின் நட்சத்திரம் வழக்கம்போலக் கார் பற்றரியில்தான் எரிந்தது. ஆனால் இந்த முறை என்ன வெளிச்சம்! "சுவாமி, இதல்லோ நட்சத்திரம்!" என்று சுவாமியாரிடம் வாயாரப் புகழ்ந்தேன். பக்கத்தில் நின்ற சில்வெஸ்ரர் இருமினார். பின்னேரம் காரை எடுத்தால் பின்லைற் எரியவில்லை. மூடியைக் கழற்றினேன். ஐயோ தம்பி, உள்ளே இருந்தது பழைய கருகிய பல்ப்! கள்ளன் என்றால் எடுத்துக்கொண்டு ஓடுவான், பழையதைத் திருப்பிப் பூட்டி ஆணிக்கு எண்ணெயும் விட்டுவிட்டுப் போவானா? தேங்காயெண்ணெய் மணந்ததும் எனக்கு ஆள் விளங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்துச் சில்வெஸ்ரர் விளைமீன் கோர்வையோடு படலையைத் திறந்து வருகிறார். "பல்பை நீர் எடுத்தனீரோ?" என்று கேட்டேன். மனிதர் அடுப்பு புகைந்த குசினிப் பக்கம் பார்த்தார். "அண்ணை, அதைப்பற்றி நான் கதைக்க ஏலாது" என்றார். "கள்ளனோடை எனக்குச் சம்பந்தம் வேண்டாம்!" என்று கத்திவிட்டேன். மீனைக் காரின்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். மூன்று இராசாக்கள் திருநாள் முடியக் கலியாணம், கோயிலில் கலியாண அறிவிப்பு ஓலையும் வாசித்தாயிற்று. ஜசிந்தா அழுதபடி கிடக்கிறாள். மீனை ஒருவரும் தொடவில்லை, பூனை தின்றுவிட்டது. நீ உடனே மெயில் கோச்சியைப் பிடித்து வந்து அந்தக் கள்ளனிடம் நியாயம் கேள். வரும்போது ஒரு பல்பும் வாங்கி வா.

பாலன் யேசு உன் வீட்டிலாவது சமாதானத்தைத் தரட்டும்.

அன்பு அண்ணன்,
பஸ்ரியாம்பிள்ளை

பிற்குறிப்பு: உறையை ஒட்டப் பசை கேட்டுக் குசினிக்குப் போனேன். உன் மச்சாள் அந்தோனியம்மா, "ஒட்டாதையுங்கோ" என்று அழத் தொடங்கிவிட்டாள். நத்தாருக்கு முதல்நாள் நட்சத்திரத்துப் பல்ப் கருகிவிட்டதாம், சுவாமியார் தவித்தாராம், நம்முடையதைக் கழற்றித் தரும்படி சில்வெஸ்ரரைக் கேட்டது இவளாம்! "உங்களைக் கேட்டால் தந்திருப்பியளோ? வாய் திறக்கப்படாதெண்டு அவரிட்டைச் சத்தியம் வாங்கினனான்" என்கிறாள். கள்ளன் என்று நான் கத்தியபோதும் அந்த மனிதர் சத்தியத்தை மீறவில்லை, தம்பி. எனக்கு வெட்கமாக இருக்கிறது. மேலே கள்ளன் என்று எழுதிய இடமெல்லாம் உன் மச்சாள் என்று வாசி. இல்லை, வேண்டாம், அவள் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். மன்னிப்புக் கேட்க இப்போதே சில்வெஸ்ரர் வீட்டுக்குப் போகிறேன். பொழுதுபட்டுவிட்டது, பின்லைற் இல்லாமல் காரை எடுக்க ஏலாது, நடைதான். ஜசிந்தா அரிக்கன் லாம்பைக் கொளுத்திக்கொண்டு நிற்கிறாள். நான் பாதிவழியில் திரும்பிவிடாமல் பின்னாலேயே வருவாளாம்.